அலபாமாவில் அறிவொளி ஏற்றிய புக்கர் டி. வாஷிங்டன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம் உண்டு. ஒரு காலத்தில் பருத்தியே அதன் பெருஞ்செல்வமாக விளங்கியது. அப்பருத்தியை விதைத்து, களையெடுத்து, பறித்துக் கொடுத்தவர்களோ ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள். அம்மாநிலத்தின் வரலாற்றைக் கூறுவோர் தஸ்கீகி என்னும் சிற்றூரையும், அங்கே ஒரு கல்விக்கூடத்தை எழுப்பிய புக்கர் டி. வாஷிங்டன் என்னும் பெரியாரையும் கூறாது விட இயலாது. அன்னாரின் வாழ்வை நம் மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிதல் நலம் எனக் கருதி இங்கு எழுதுகின்றோம்.

புக்கர் 1856ஆம் ஆண்டு, வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு புகையிலைத் தோட்டத்தில் அடிமையாகப் பிறந்தார். அவருடைய தாயார் ஜேன் அத்தோட்டத்தின் சமையற்காரி. மண் தரையில் கந்தைத் துணியை விரித்து உறங்கிய குழந்தை அவர். முதலாளி வீட்டுப் பெண்ணின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூட வாயில்வரை அவர் சென்றதுண்டு. வாயிலைக் கடந்து உள்ளே செல்ல உரிமையில்லை. 1865ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை பிறந்தது.

விடுதலை கிடைத்ததேயன்றி வறுமை தீரவில்லை. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிறுவன் புக்கர் உப்புக் காய்ச்சும் உலையிலும், பின்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை செய்தார். உப்புப் பீப்பாய்களில் மாற்றாந்தந்தைக்கு உரிய அடையாளமாக எழுதப்பட்ட 18 என்னும் எண்ணே அவர் முதன்முதலாகக் கற்ற எழுத்து. விடியற்காலையில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர்கள் இருந்தன, இவருக்கோ ஒன்றே. ஆசிரியர் கேட்டபோது, தாமே வாஷிங்டன் என்னும் பெயரைச் சேர்த்துக் கூறினார்.

1872ஆம் ஆண்டு, ஹாம்ப்டன் என்னும் ஊரிலிருந்த உயர் கல்விக்கூடத்தை நாடிப் புறப்பட்டார். ஏறத்தாழ ஐந்நூறு மைல் பயணம். வழியில் ரிச்மண்ட் நகரில் பணம் தீர்ந்துபோகவே, நடைபாதைப் பலகையின் அடியில் படுத்துறங்கி, கப்பலிலிருந்து இரும்பு இறக்கிக் கூலி பெற்றார். ஹாம்ப்டனை அடைந்தபோது கையில் இருந்தது ஐம்பது காசு. அங்கிருந்த ஆசிரியை அவருக்கு வைத்த நுழைவுத் தேர்வு என்ன தெரியுமா? ஓர் அறையைக் கூட்டுவதே! அவர் மூன்று முறை கூட்டினார். நான்கு முறை தூசு துடைத்தார். இடம் கிடைத்தது. அங்கேயே துப்புரவு வேலை செய்து படித்து, 1875ஆம் ஆண்டு தேறி, ஆசிரியரானார்.

1881ஆம் ஆண்டு அலபாமா அரசு, தஸ்கீகியில் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆண்டுக்கு இரண்டாயிரம் டாலர் ஒதுக்கியது. அப்பணமும் ஆசிரியர் சம்பளத்திற்கு மட்டுமே. நிலமோ கட்டடமோ இல்லை. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள், ஒரு தேவாலயத்தின் அருகிலிருந்த ஒழுகும் குடிசையில், முப்பது மாணவர்களுடன் புக்கர் வகுப்பைத் தொடங்கினார். பின்னர்க் கடன் வாங்கி, கைவிடப்பட்ட பழைய தோட்டமொன்றை ஐந்நூறு டாலருக்கு வாங்கினார். அங்கிருந்த குதிரை லாயமும் கோழிக்கூடும் வகுப்பறைகளாயின.

நிலத்தைத் திருத்த மாணவரை அழைத்தபோது பலர் முகஞ்சுளித்தனர். உடலுழைப்பிலிருந்து தப்பவே பள்ளிக்கு வந்தோம் என்பது அவர்கள் எண்ணம். பெற்றோரும் எதிர்த்தனர். புக்கர் வாதாடவில்லை, தாமே கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார், மாணவர் பின்தொடர்ந்தனர். கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டியிருந்தது. மூன்று முறை சூளை வைத்தும் வீணாயிற்று. கையில் காசில்லை. தம் கடிகாரத்தைப் பதினைந்து டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார். செங்கல் செவ்வனே வெந்தது. கடிகாரம் மீளவில்லை, ஆயினும் பள்ளி எழுந்தது. அக்கற்களை வாங்க வெள்ளையரும் வந்தனர்.

1896ஆம் ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் வேளாண் அறிஞர் அங்கு ஆசிரியராகச் சேர்ந்தார். 1915ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் புக்கர் தஸ்கீகியிலேயே காலமானபோது, முப்பது பேருடன் தொடங்கிய பள்ளியில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மாணவர்கள் பயின்றனர். இன்று அது ஒரு பல்கலைக்கழகம்.

அன்னாரைக் குறைகூறியோரும் உண்டு. கைத்தொழிலைப் பெரிதாகப் போற்றி, வாக்குரிமை முதலியவற்றுக்காக வெளிப்படையாகப் போராடாது பணிந்து போகின்றார் என்று டு பாய்ஸ் என்னும் அறிஞர் 1903ஆம் ஆண்டு தம் நூலில் கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. 1901ஆம் ஆண்டு அலபாமாவின் புதிய அரசியல் சட்டம் கறுப்பின மக்களுள் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. எனினும் அச்சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்குக்குப் புக்கர் மறைவாகப் பொருளுதவி செய்தார் என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. உழைப்பு மட்டும் உரிமையைப் பெற்றுத் தந்துவிடாது. கல்வியும் உழைப்பும் இன்றி உரிமை நிலைக்கவும் செய்யாது. இவ்விரு அறிஞரின் வாழ்வையும் ஒருசேர நோக்கும்போது நமக்குத் தெளிவாவது இதுவே.

மாணவச் செல்வங்களே! துடைப்பத்தைப் பிடித்த கை எழுதுகோலைப் பிடிக்கத் தகுதியற்றது என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். பெற்றோர்களே! தோட்டத்தில் பிறந்த பிள்ளை தோட்டத்தோடு நின்றுவிட வேண்டுமென்று எழுதிவைத்தவர் எவருமில்லை. பள்ளி வாயிலில் புத்தகச் சுமையுடன் நின்ற சிறுவனுக்கு அன்று கதவு திறக்கவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தே இருக்கின்றது. அவர்களை நாள்தோறும் தவறாமல் அனுப்பி வைப்பது நம் கடமையாகும்.