முள்ளைச் சூழ்ந்த அணுக்கள்



இரண்டாம் ஆண்டு வகுப்பில் எலி மெச்னிகாஃப் என்ற பெயரைக் கரும்பலகையில் பார்த்ததும் கடைசி பெஞ்ச் முழுக்கச் சிரிச்சோம். மனுஷனுக்கு இப்படியும் ஒரு பேரா என்று! பரீட்சைக்கு இரண்டு வரி மனப்பாடம் செய்ததோடு சரி. அவர் வாழ்க்கையை நான் படித்தது ரொம்ப வருஷம் கழித்துத்தான்.

1845-ல் இன்றைய உக்ரைனில், கார்கிவ் அருகே பிறந்தவர். நான்கு வருஷப் பட்டப்படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்தார். ஒடெசாவில் விலங்கியல் பேராசிரியரானார். வீட்டில்தான் நிம்மதி இல்லை. 1869-ல் காசநோயாளியான லுட்மிலாவை மணந்தார். மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிப்போனார்கள். 1873-ல் அந்த அம்மாள் இறந்ததும் மனம் உடைந்து உயிரையே விடத் துணிந்தார், நல்லவேளை, பிழைத்தார். பிறகு ஓல்காவை மணந்தார்.

1882-ல் பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு இத்தாலியின் மெஸ்ஸினா நகருக்குப் போனார். ஒருநாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கக் கிளம்ப, இவர் மட்டும் நுண்ணோக்கியோடு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். ராத்திரி தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், நகரும் அணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன! உடம்புக்குள் நுழையும் கிருமியையும் வெள்ளை அணுக்கள் இப்படித்தான் சூழ்ந்து விழுங்குகின்றன என்றார். அவற்றுக்கு ஃபேகோசைட் என்று பெயரும் வந்தது.

ஜெர்மன் விஞ்ஞானிகள் பலர் ஒப்பவில்லை. ரத்த நீரில் இருக்கும் பொருள்களே கிருமியைக் கொல்கின்றன என்று வாதாடினார்கள். 1888-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்த மெச்னிகாஃப் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். 1908-ல் நோபல் பரிசை அவருக்கும், எதிரணியைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்! 1916-ல் பாரிஸில் காலமானார். அவர் அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்திலேயே இருக்கிறது.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. காவல் காக்கும் அணுக்களே முதுமையில் சொந்த உடம்பைத் தின்கின்றனவோ என்று. முதுமை பற்றி அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. ஆனால் காவல்காரனே வீட்டை இடிப்பதை நாம் தினமும் ஈறில் பார்க்கிறோம். பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் அழுக்குப் படலம் சேர்ந்தால் நியூட்ரோஃபில் அணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. அவை வரவே முடியாத பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்குச் சின்ன வயசிலேயே ஈறு கெட்டுப் பல் விழுகிறது. ஆக, அவை வேண்டும். ஆனால் அழுக்கு நீங்காமல் சண்டை வருஷக்கணக்கில் நீண்டால், கிருமிமேல் வீசும் நொதிகளே ஈறின் நார்களை அறுக்கின்றன. எலும்பைக் கரைக்கும் அணுக்களும் தூண்டப்படுகின்றன. பல் ஆட ஆரம்பிக்கிறது.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பல் தேய்த்தால் ரத்தம் வருதுன்னு அந்தப் பக்கம் பிரஷ் வைப்பதையே விட்டுட்டார். நான் அப்போ மூன்றாம் ஆண்டு. லீவில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்தும், வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு சும்மா இருந்துட்டேன். ஐம்பத்தைந்து வயசில் ஒரு பல் பாக்கியில்லை. மெச்னிகாஃப் பெயரைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் அந்த இரண்டு வரியைப் புரிந்து படித்திருந்தால், ரத்தம் கசிவது உள்ளே சண்டை நடப்பதற்கு அடையாளம், அழுக்கை எடுத்தால்தான் அது ஓயும் என்று அவருக்குச் சொல்லியிருப்பேன்.

தம்பி தங்கைகளே, இந்த லீவில் ஊருக்குப் போனால் முதலில் அப்பா அம்மாவின் ஈறைப் பாருங்கள். பரீட்சைக்குப் படிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.