வாள் வெல்லாத மன்னர் கெடிமினாஸ்

14-ம் நூற்றாண்டில் பால்டிக் கடலோர லித்துவேனியா இன்னும் புறச்சமய நாடாகவே இருந்தது. 1316 முதல் 1341 வரை அதனை ஆண்ட கெடிமினாஸ் மன்னரை நாம் இங்கு நினைவுகூர்வோம்.

சிலுவைக்குறி தரித்த ஜெர்மானிய வீரத்துறவிகள், வேதம் பரப்புவதாகச் சொல்லி, அவர் நாட்டின்மீது மீண்டும் மீண்டும் படையெடுத்து ஊர்களைத் தீக்கிரையாக்கினர். மன்னரும் சளைக்காது எதிர்ப்போர் தொடுத்தார்.

ஆயினும் அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தாரல்லர். 1323-ல் ஜெர்மானிய நகரங்களுக்கு மடல்கள் விடுத்து, வணிகரையும் கைவினைஞரையும், பிரான்சிஸ்கு சபை, சாமிநாதர் சபைத் துறவிகளையும் தம் நாட்டிற்கு அழைத்தார். 22-ம் அருளப்பர் பாப்பரசருக்கும் எழுதினார். ஆனால் 1324-ல் பாப்பரசரின் தூதுவர்கள் வந்தபோது ஞானஸ்நானம் பெற மறுத்துவிட்டார். அவரவர் தத்தம் முறைப்படி இறைவனை வழிபடட்டும் என்பதே அவர் நிலை. மறு ஆண்டு அவர் மகள் அல்டோனா ஞானஸ்நானம் பெற்று, அன்னாள் என்னும் பெயருடன் போலந்து இளவரசர் கசிமீரை மணந்தார். போலந்துக் கைதிகளும் விடுதலையாகி வீடு திரும்பினர்.

மன்னர் புறச்சமயத்தவராகவே மறைந்தார். 1386-ல் அவர் பேரன் யோகைலா ஞானஸ்நானம் பெற்று, போலந்து அரசி யத்விகாவைக் கரம்பிடித்தார். 1387-ல் லித்துவேனிய மக்களும் திருமறையில் சேரலாயினர். பல்லாண்டுப் போரினால் ஆகாதது உறவினால் ஆயிற்று.

நம் ஆலயத்தின் ஜூபிலி நாளில் இதனை நாம் சிந்திப்போமாக.