இரண்டாம் இடத்தை ஏற்காதவர்: பிலிப் டி ரோத்சைல்ட் (1902 – 1988)

பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் எவரும் தரவரிசை என்ற சொல்லிலிருந்து தப்ப முடியாது. தேர்வு முடிவு, புள்ளி, தரப்பட்டியல் என ஒவ்வொரு பருவத்திலும் யாரோ ஒருவர் நமக்கு ஓர் இடத்தைக் குறித்துத் தருகிறார். பிரான்ஸ் நாட்டில் ஒரு திராட்சைத் தோட்டத்திற்கும் 1855ஆம் ஆண்டில் அப்படி ஓர் இடம் குறிக்கப்பட்டது. அந்த இடம் மாறுவதற்கு 118 ஆண்டுகள் ஆயின. அதை மாற்றுவதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பிலிப் டி ரோத்சைல்ட்.

தோட்டமும் பட்டியலும்

தென்மேற்குப் பிரான்சில், ஜிரோண்ட் கழிமுகத்தின் கரையில் போயாக் என்னும் சிற்றூர் உள்ளது. போர்டோ நகருக்கு வடக்கே அமைந்த மெடோக் வட்டாரத்தைச் சேர்ந்தது அது. அங்குள்ள கூழாங்கல் நிலத்தில் மழைநீர் தேங்குவதில்லை. பகல் வெயிலின் சூட்டையும் கற்கள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. கபர்னே சோவின்யோன் என்னும் கருந்திராட்சைக்கு மிகவும் ஏற்ற மண் அது. பிலிப்பின் கொள்ளுத் தாத்தா நத்தானியேல் 1853இல் அங்கே ஒரு தோட்டத்தை வாங்கினார். அதுவே மூட்டோன் ரோத்சைல்ட் ஆயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி, போர்டோ வட்டாரத்தின் சிறந்த மதுவகைகளுக்கு ஒரு தரப்பட்டியல் தயாரானது. அதைத் தயாரித்தவர்கள் அந்நகரத் தரகர்கள். சந்தையில் எந்தத் தோட்டத்து மது என்ன விலைக்குப் போகிறது என்பதே அவர்களுடைய முக்கிய அளவுகோல். சிவப்பு மதுவிற்கு ஐந்து தரங்கள் வகுக்கப்பட்டன. லஃபீட், லத்தூர், மர்கோ, ஓபிரியோன் ஆகிய நான்கும் முதல் தரத்தில் இடம்பெற்றன. மூட்டோன் இரண்டாம் தரத்தில் முதல் பெயராக நின்றது. ரோத்சைல்ட் குடும்பத்தின் மற்றொரு கிளை 1868இல் அண்டைத் தோட்டமான லஃபீட்டை வாங்கியது. உறவினர் முதல் தரம், நாம் இரண்டாம் தரம் என்ற மனக்குறை அன்று முதல் வேலிக்கு இப்பால் வளர்ந்தது.

இருபது வயதில் பொறுப்பு

பிலிப் 1902 ஏப்ரல் 13ஆம் நாள் பாரிசில் பிறந்தார். தந்தை ஆன்ரி மருத்துவர், நாடக ஆசிரியரும்கூட. திராட்சை சாகுபடியில் அவருக்கு ஈடுபாடு குறைவு. முதல் உலகப் போரின்போது சிறுவன் பிலிப் பாதுகாப்புக்காக மெடோக் கிராமப்புறத்திற்கு அனுப்பப்பட்டான். அந்த மண் அவன் மனத்தில் ஒட்டிக்கொண்டது. 1922இல், இருபதாவது வயதில், தோட்டத்தின் நிர்வாகத்தை அவர் ஏற்றார்.

அக்காலத்தில் தோட்டக்காரர்கள் மதுவைப் பீப்பாய்களில் அடைத்துப் போர்டோ வணிகர்களிடம் விற்றுவிடுவார்கள். அதை முதிரவைப்பதும் போத்தலில் அடைப்பதும் வணிகரின் வேலை. நடுவழியில் வேறு மது கலந்தாலும் தோட்டக்காரருக்குத் தெரியாது. ஆனால் கெட்ட பெயர் மட்டும் தோட்டத்தின் பெயரில் வந்து சேரும். இந்த வழக்கத்தை மாற்ற பிலிப் முடிவு செய்தார். 1924ஆம் ஆண்டு அறுவடை முதல், மூட்டோன் மது முழுவதும் தோட்டத்திலேயே போத்தலில் அடைக்கப்படும் என்று அறிவித்தார். அண்டைப் பெருந்தோட்டங்களின் உரிமையாளர்களையும் இதற்கு இணங்க வைத்தார். இன்று உயர்ந்த மதுப் போத்தல்களில் தோட்டத்திலேயே அடைக்கப்பட்டது என்ற குறிப்பைக் காண்பது இயல்பாகிவிட்டது. அதற்கு வலுவான தொடக்கம் அமைத்தவர்களில் அந்த இளைஞர் முதன்மையானவர்.

பீப்பாய்களை விற்காமல் வைத்துக்கொண்டால் இடம் வேண்டுமே! 1926இல் 100 மீட்டர் நீளமுள்ள சேமிப்புக் கூடம் ஒன்றைக் கட்டினார். 1930ஆம் ஆண்டு விளைச்சல் மோசமாக இருந்தபோது, தரம் குறைந்த மதுவை மூட்டோன் என்ற பெயரில் விற்க அவர் சம்மதிக்கவில்லை. அதற்கு மூட்டோன் காடே என்று தனிப்பெயர் சூட்டினார். காடே என்றால் இளையவர். அவர்தாம் வீட்டின் கடைசிப் பிள்ளை.

இதற்கிடையே அவர் தோட்டத்திலேயே அடைபட்டுக் கிடக்கவும் இல்லை. 1929இல் முதன்முதலாக நடந்த மொனாக்கோ கார்ப் பந்தயத்தில் புனைபெயரில் கலந்துகொண்டு நான்காவதாக வந்தார். நாடக அரங்கு, திரைப்படத் தயாரிப்பு, கவிதை மொழிபெயர்ப்பு என்று அவருடைய ஆர்வங்கள் பல.

போர் கொண்டுபோனவை

1940இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்தது. ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசு, யூதரான பிலிப்பின் குடியுரிமையைப் பறித்தது. தோட்டமும் பறிமுதல் செய்யப்பட்டது. வட ஆப்பிரிக்காவில் அவர் கைதானார். விடுதலைக்குப் பிறகு இங்கிலாந்து சென்று, தளபதி டி கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். அவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவி எலிசபெத், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இருந்தும் ஜெர்மானிய இரகசியக் காவல் படையினர் அவரைக் கைது செய்து, ராவென்ஸ்புருக் வதைமுகாமிற்குக் கொண்டுசென்றனர். 1945 மார்ச் மாதம் அவர் அங்கேயே இறந்தார். மகள் பிலிப்பினுக்கு அப்போது பதினொரு வயது.

குடும்பத்தின் பெயரும் செல்வமும் அந்த நாள்களில் யாரையும் காக்கவில்லை. பிலிப் திரும்பி வந்தபோது எஞ்சியிருந்தவை மகளும் மண்ணும்தான்.

ஓவியமும் வெற்றியும்

1945ஆம் ஆண்டு விளைச்சல், அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று எனப் போற்றப்படுகிறது. அந்த மதுவின் ஒட்டுத்தாளில் வெற்றியைக் குறிக்கும் வி எழுத்தை பிலிப் ஜூலியன் என்னும் இளம் ஓவியர் வரைந்து தந்தார். அதன்பின் ஆண்டுக்கோர் ஓவியரின் படைப்பு ஒட்டுத்தாளை அழகுபடுத்துவது மரபாயிற்று. பிராக், டாலி, மீரோ, ஷாகால் போன்றோர் அந்த வரிசையில் உள்ளனர். ஓவியர்களுக்குச் சம்பளம் பணமன்று, மதுப்பெட்டிகளே. 1954இல் பவுலினை மணந்தார். மதுவும் கலையும் சந்திக்கும் ஓர் அருங்காட்சியகத்தை இருவரும் 1962இல் தோட்டத்தில் திறந்தனர்.

பட்டியலை மாற்றும் முயற்சியும் இடைவிடாது நடந்தது. மூட்டோன் மது பல காலமாக முதல் தர மதுவிற்கு இணையான விலைக்கே விற்றுவந்தது. விலைதான் அளவுகோல் என்றால் இடமும் மாறவேண்டும் என்பது பிலிப்பின் வழக்கு. இறுதியில் 1973இல், அப்போதைய வேளாண் அமைச்சர் ஜாக் ஷிராக் ஆணையில் கையெழுத்திட்டார். மூட்டோன் முதல் தரமாயிற்று. அவ்வாண்டு ஒட்டுத்தாளில், அதே ஆண்டு மறைந்த பிக்காசோவின் ஓவியம் இடம்பெற்றது.

முதலிடம் இல்லையென்றாலும் இரண்டாமிடத்தை ஏற்பதில்லை என்னும் பொருள்பட தோட்டத்திற்கு ஒரு குறிக்கோள் வாசகம் இருந்தது. பிலிப் அதைத் திருத்தி எழுதினார். புதிய வாசகத்தில், முன்பு இரண்டாவதாக இருந்த உண்மையை அவர் மறைக்கவில்லை.

வெற்றிக்குப் பிறகும் சோதனை வந்தது. 1976இல் பாரிசில், பெயரை மறைத்து நடத்திய சுவைப் போட்டியில் மூட்டோனை இரண்டாமிடத்திற்குத் தள்ளி, கலிபோர்னியா மது ஒன்று வென்றது. சில ஆண்டுகளில் பிலிப், கலிபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவியுடன் கூட்டுச் சேர்ந்து ஓபஸ் ஒன் என்னும் மதுவை உருவாக்கினார். அதன் முதல் விளைச்சல் 1979.

1988 ஜனவரி 20ஆம் நாள், 85ஆம் வயதில் அவர் காலமானார். மகள் பிலிப்பின் 2014இல் மறையும்வரை தோட்டத்தை நடத்தினார். அடுத்து அவருடைய பிள்ளைகள் பொறுப்பேற்றனர்.

செல்வந்தர் என்பதால்தானே இவ்வளவும் முடிந்தது என்று நாம் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே குடும்பம், அதே செல்வத்துடன், அதற்கு முன் 69 ஆண்டுகள் அந்தத் தோட்டத்தை வைத்திருந்தது. பட்டியல் அசையவில்லை. பிலிப் முதலில் போத்தலுக்குள் இருப்பதற்குத் தாமே பொறுப்பேற்றார். மோசமான விளைச்சலுக்குத் தம் தோட்டத்தின் பெயரைத் தர மறுத்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய கோரிக்கைக்கு எடை வந்தது. மதுவைத் தொடாதவர்களும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள இது போதும்.