பசும்பொன் ஸ்ரீ முத்துராமலிங்கத் தேவரும் சட்டசபைத் தேர்தல்களும்

மதுரையை அடுத்த திருநகரில் 1963-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி ஸ்ரீ முத்துராமலிங்கத் தேவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் பிறந்ததும் 1908-ஆம் வருஷத்தில் அதே தேதியிலேயாம். அவருடைய சொல்வன்மையையும் தெய்வ பக்தியையும் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். சட்டசபைத் தேர்தல்களில் அவர் நின்ற வரலாற்றை நம் சமூகத்து இளைஞர் அறியும் பொருட்டு ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள பசும்பொன் கிராமத்தில் உக்கிரபாண்டித் தேவருக்கும் இந்திராணி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றிய அவர், குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். திருநகருக்கு அண்மையிலுள்ள பசுமலைப் பள்ளியில் சில காலம் பயின்றார்.

அக்காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் கொடுமை நம் ஜனங்களை வருத்தி வந்தது. ஒரு குற்றமும் செய்யாதவனும் பிறப்பொன்றையே காரணமாகக் கொண்டு கைரேகை பதிந்து, போலீஸ் காவலுக்கு உட்பட வேண்டியிருந்தது. இதனை நீக்கப் பாடுபடுவதே தேவரின் பொதுவாழ்விற்கு அடித்தளமாயிற்று.

1935-ஆம் வருஷத்து இந்தியச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் 215 ஸ்தானங்கள் கொண்ட கீழ்ச்சபை அமைந்தது. 1937-ல் அதற்கு நடந்த தேர்தலில் தேவர் காங்கிரஸ் அபேட்சகராக நின்றார். அவரை எதிர்த்தவரோ ராமநாதபுரம் ராஜா. ராஜாவும் நம்மவரே, பரம்பரைப் பெருமையும் செல்வமும் அவர் பக்கம் இருந்தன. அன்றியும், சொத்து, வரி, கல்வி முதலிய தகுதி உடையோர்க்கே அக்காலை வாக்குரிமை உண்டு. கைரேகைக் கொடுமைக்கு ஆளான ஏழைகளிற் பெரும்பாலோர் வாக்களிக்க இயலாதவர். அங்ஙனமிருந்தும் தேவரே வென்றார். குலத்தின் அரசரும் குடிகளின் சம்மதத்தை நாடியே நிற்க வேண்டும் என்பதை அத்தேர்தல் காட்டிற்று. காங்கிரஸ் 159 ஸ்தானங்களைப் பெற்று மந்திரிசபை அமைத்தது. எனினும் அச்சட்டம் உடனே நீங்கவில்லை. 1947-ல்தான் அது ஒழிந்தது.

1939 ஜூலை 8-ஆம் தேதி ஸ்ரீ வைத்தியநாதையர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஹரிஜன ஆலயப் பிரவேசம் நடத்தியபோது தேவர் அவருக்கு உறுதுணையாயிருந்தார். அவ்வருஷமே சுபாஷ் சந்திர போஸின் பார்வர்ட் பிளாக்கில் சேர்ந்தார். யுத்த காலத்தின் பெரும்பகுதி அவருக்குச் சிறையிலேயே கழிந்தது. விடுதலையாகி வந்த அவரை 1946-ல் சட்டசபைத் தேர்தலில் எதிர்க்க ஒருவரும் முன்வரவில்லை.

வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்த 1952-ல், முதுகுளத்தூர்ச் சட்டசபைத் தொகுதியிலும் அருப்புக்கோட்டைப் பார்லிமெண்டுத் தொகுதியிலும் ஒருங்கே வென்று, சட்டசபை ஸ்தானத்தையே வைத்துக்கொண்டார். 1957-லும் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் நின்று வென்றார். இம்முறை பார்லிமெண்டை ஏற்றுச் சட்டசபையை விடுத்தார்.

அதனால் முதுகுளத்தூரில் உபதேர்தல் நேர்ந்தது. அவர் கட்சியே வென்றது. ஆயினும் அதன் பின் மூண்ட கலகத்தை எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது. சமாதானக் கூட்டம் நடந்த மறுநாள், செப்டம்பர் 11-ஆம் தேதி, தேவேந்திரர் சமூகத்து இளந்தலைவர் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொலையுண்டார். போலீஸ் துப்பாக்கியால் நம்மவரும் மாண்டனர். அக்கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை சென்ற தேவர், 1959-ல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பெற்றார். மாண்டவர் மீளவில்லை, இரு சமூகத்து வீடுகளிலும் அழுகுரல் ஓயவில்லை. 1962-ல் மீண்டும் பார்லிமெண்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டும், உடல்நலிவால் டில்லி செல்ல இயலாதவராய்த் திருநகரில் காலஞ்சென்றார்.

அன்பர்காள்! ஆண்டுதோறும் பசும்பொன்னுக்குச் சென்று மாலை சூட்டுகின்றோம், அது நன்றே. ஆனால் கைரேகை வைத்த கைக்கு வாக்குச்சீட்டு எத்துணை அருமையாய் வந்தது என்பதையும், தேர்தலில் வென்ற பின்னும் அண்டை அயலாருடன் பகைத்து வாழ்ந்தால் அவ்வெற்றி வெற்றியாகாது என்பதையும் மறவாதிருத்தலே அவருக்கு நாம் செய்யத்தக்க மரியாதையாகும். ஆலயப் பிரவேசத்திற்குத் துணைநின்றவரின் பெயரைச் சொல்லி அயலார் மீது கை ஓங்குவோர் அவரை அறியாதவரேயாவர்.