காட்டுயிர் கண்ட மா. கிருஷ்ணன்

பழவேற்காடு ஏரியில் அமைந்துள்ள தீவூர் பசியாவரம். வடகிழக்குப் பருவமழை பொழிந்து, ஆரணி ஆறும் காளங்கி ஆறும் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் நாள்களில் ஏரி நிறைந்து, முகத்துவாரத்தின் வழியே கடலோடு கலக்கிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அவ்வழியே ஏரிக்குள் புகுந்து, உவர்நீரில் வளர்ந்து, இனம் பெருக்க மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மழை ஓய்ந்து நீர்மட்டம் தாழத் தொடங்கியதும் ஆழமற்ற பரப்புகளில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் வலையில் இறால் குறையும் என்பதை அங்குள்ள மீனவர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையும் ஆறும் மணலும் இறாலும் பறவையும் ஒரே கயிற்றின் புரிகள் என்பதை அவர்கள் தொழிலின் வாயிலாகவே அறிந்திருக்கிறார்கள்.

இத்தகைய அறிவு ஏடுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. வெட்டவெளியில் நின்று பொறுமையுடன் நோக்கி, ஓர் உயிருக்கும் மற்றோர் உயிருக்கும், அவ்விரண்டிற்கும் நிலத்திற்கும் உள்ள உறவை எழுத்தில் வடித்தவர்களுள் தமிழ்நாட்டில் முதலில் நினைக்கத்தக்கவர் மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை, பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தால் தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைபெற்ற அ. மாதவையா. அவருடைய பிள்ளைகளுள் கிருஷ்ணனே கடைசி. உப்புத்துறையில் பணியாற்றிய மாதவையா சென்னை மயிலாப்பூரில் குடியேறினார். அக்கால மயிலாப்பூரை இன்று அவ்வழியே பேருந்தில் செல்லும் மாணவர் கற்பனை செய்வதும் கடினம். வீட்டைச் சுற்றிலும் புதர்க்காடு இருந்தது, நரிகள் திரிந்தன, வெளிமான்களும் அப்பகுதியில் காணப்பட்டன. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். காட்டைத் தேடி அவன் எங்கும் செல்லவில்லை. காடு வாயிற்படியிலேயே இருந்தது. 1925இல், கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயதானபோது, சென்னைப் பல்கலைக்கழகப் பேரவைக் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிய மாதவையா அங்கேயே உயிர்நீத்தார்.

மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் கிருஷ்ணனுக்கு வாய்த்த ஆசிரியர் தாவரவியல் பேராசிரியர் பைசன். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதிகளில் வளரும் செடிகொடிகளைப் பற்றி நூலெழுதியவர் அவர். ஆசிரியருடன் கிருஷ்ணனும் மலைகளுக்குச் சென்றார். பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையைக் கற்றுக்கொண்டார். இவ்வோவியப் பயிற்சியைச் சிறிய செய்தி எனத் தள்ளிவிட இயலாது. ஓர் இலையை வரைய முற்படுபவர், அது காம்பில் எக்கோணத்தில் அமைகிறது, நரம்புகள் எங்கே கிளைக்கின்றன, விளிம்பு வழவழப்பானதா பற்கள் போன்றதா என்பனவற்றையெல்லாம் பார்த்தே ஆக வேண்டும். பாராதவற்றை வரைய முடியாது. பிற்காலத்தில் கிருஷ்ணனின் உரைநடையில் காணப்படும் நுட்பத்திற்கு இதுவும் ஒரு வேர் என்று கருத இடமுண்டு.

தேர்வுகளில் அவர் சிறந்து விளங்கவில்லை. பாடநூலொன்றில் இதனை எழுதச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. ஆயினும் உண்மை அதுவே. இளங்கலைக்குப் பின் தாவரவியலில் முதுகலையும், அதன்பின் சட்டமும் படித்தார். நிலையான வேலை அமையவில்லை. அச்சகம், ஓவியப் பள்ளி, வானொலி எனச் சில இடங்களில் சிறிது காலம் பணியாற்றினார், இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதினார், கேலிச்சித்திரங்கள் வரைந்தார். 1942இல், பெல்லாரிப் பகுதியில் இருந்த சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் பணிக்கு அமர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் செயலர் எனப் பல பொறுப்புகள் அவருக்கு அங்கே வாய்த்தன. இவற்றைவிட அவருக்குப் பயன்பட்டவை அங்கிருந்த வறண்ட குன்றுகளும் புதர்க்காடுகளுமே. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நடந்தார், ஆடு மேய்த்தார், புறாக்கள் வளர்த்தார்.

இந்திய விடுதலைக்குப் பின் சண்டூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. அலுவல் முடிந்தது. ஏறத்தாழ நாற்பது வயதை நெருங்கும் நிலையில், குடும்பத்துடன் சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன் வேறொரு வேலையைத் தேடிக்கொள்ளாமல் எழுத்தையும் ஒளிப்படக் கருவியையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். பறவையையும் அணிலையும் பற்றி எழுதி ஒருவர் குடும்பம் நடத்தலாம் என்று அந்நாளில் எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். 1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில், நாட்டுப்புறக் குறிப்பேடு என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பத்தியைத் தொடங்கினார். நாற்பத்தாறு ஆண்டுகள், தம் வாழ்நாள் முடியும்வரை, அதனை எழுதினார். புலியும் யானையும் மட்டுமே அதில் வந்தன என்று கருதவேண்டா. காகம், மைனா, ஓணான், தெருவில் மேயும் எருமை ஆகியனவும் அவருடைய பார்வைக்கு உரியனவாயின.

வேடந்தாங்கலை அவர் நோக்கிய விதம் இங்கே விரிவாகக் கூறத்தக்கது. செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள இவ்வேரி பரப்பில் சிறியது. மழையால் ஏரி நிறைந்ததும், நீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, வெண்கொக்கு, வக்கா, கரண்டிவாயன் முதலிய பறவைகள் நெருக்கமாகக் கூடு கட்டுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் அவை கூடு கட்டுவதில்லை. மரத்தைச் சுற்றி நீர் நிற்பது கூட்டிற்கு அகழிபோல் காவலாகிறது. இரைக்காக அவை இவ்வேரியை மட்டும் நம்பியிருப்பதில்லை. சுற்றியுள்ள வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பறந்து சென்று திரும்புகின்றன. நத்தைகுத்தி நாரை நன்செய் நிலத்து நத்தைகளைத் தின்கிறது. பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலக்க, அந்நீர் பாயும் வயல்கள் உரம் பெறுகின்றன. ஊரின் நெல் விளைச்சல் மரத்திலுள்ள கூட்டோடு பிணைந்திருப்பதை அவ்வூர் உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் படைவீரர்கள் இப்பறவைகளைச் சுட்டபோது, மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இல் எழுத்து வடிவில் பெற்றனர். வனவிலங்குச் சட்டங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு நிகழ்ந்தது இது.

கிருஷ்ணன் இங்குப் பலமுறை வந்து, எந்தப் பறவை எப்போது வருகிறது, எம்மரத்தில் தங்குகிறது, இரை தேடி எங்கே செல்கிறது என்பனவற்றை உற்றுநோக்கினார். 1960இல் வேடந்தாங்கல் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். பறவைகளை மட்டும் எண்ணிச் செல்பவருக்கு ஏரி ஒரு காட்சிச்சாலை. கூட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கூட்டிற்கும் பறவையின் பின்னே கண்ணைச் செலுத்துபவருக்கோ ஏரியின் எல்லை கரையோடு முடிவதில்லை. பசியாவரத்துப் படகின் அருகே மீன்பிடிக்கும் கூழைக்கடாவும் இத்தகையதே. அது கூடு கட்டியிருப்பது ஆந்திரத்தின் நேலப்பட்டு ஏரியிலுள்ள மரத்தில். அம்மரம் வெட்டப்பட்டால் பழவேற்காட்டில் பறவை குறையும். பழவேற்காட்டில் மீன் அற்றால் நேலப்பட்டில் குஞ்சு பட்டினி கிடக்கும். ஓரிடத்தை மட்டும் வேலியிட்டுக் காப்பது போதாமைக்குக் காரணம் இதுவே.

1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைக் காடுதோறும் சென்று ஆராய்ந்தார். 1968இல் பெற்ற ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை இப்பணிக்குத் துணைநின்றது. வெவ்வேறு உறுப்புகளைத் தாமே இணைத்து உருவாக்கிய பெருங்கருவியைச் சுமந்து, கால்நடையாகவும் பழகிய யானையின் முதுகில் அமர்ந்தும், காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தார்.

அவர் ஆண்ட சொற்களுள் ஒன்று காட்டுயிர். வனவிலங்கு என்றால் விலங்கு மட்டுமே நினைவுக்கு வருகிறது. காட்டுயிர் என்றால் பறவை, பூச்சி, புல், மரம் அனைத்தும் அதனுள் அடங்குகின்றன. இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. அயல்நாட்டு மரங்களைக் காடுகளிலும் சாலைகளிலும் நடுவதை அவர் இடைவிடாது எதிர்த்ததற்கும் இதே பார்வைதான் அடிப்படை. ஒரு நிலத்து மரத்தோடு அதன் பூச்சியும், பூச்சியோடு பறவையும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்துவந்துள்ளன. அங்கே புதுமரத்தை நட்டால் பசுமை இருக்கும், பழைய உறவுகள் இரா. மரம் நடுதலே நன்று என்று பலரும் மகிழ்ந்த காலத்தில், எம்மரம் என்று அவர் கேட்டார். அக்கேள்வி பலருக்கு இனிக்கவில்லை. அரசின் காட்டுயிர் வாரியத்தில் உறுப்பினராக இருந்தும், உடன்படாத இடங்களில் அவர் உடன்படாமலேயே இருந்தார்.

1970இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1996 பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் காலமானார். ஆங்கிலத்தில் மிகுதியாக எழுதிய அவர் தமிழிலும் எழுதினார்; தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கு உயிரினங்கள் பற்றிய கட்டுரைகளை அளித்தார். இதழ்களில் சிதறிக் கிடந்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாக வெளிக்கொணர்ந்தார்.