பாதியில் நின்றவனுக்கு என்ன மிஞ்சும்? – மைக்கேல் வெஸ்ட்டின் கதை

மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி மேற்குப் பக்கமா வெளியே வந்து, ஆரிய கவுடா ரோட்டுல அயோத்தியா மண்டபம் வரைக்கும் நடந்து பாருங்க. டியூஷன் சென்டர், ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு, கம்பத்துல ஒட்டின நோட்டீஸ்னு வரிசையா கண்ணுல படும். இந்த வகுப்புகளுக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க ஸ்கூல்ல பல வருஷம் ஆங்கிலம் படிச்சவங்கதான். அத்தனை வருஷம் படிச்சும் ஏன் வரல? இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே, பிரியாத இந்தியாவின் வகுப்பறைகளில் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணின ஒருத்தர் இருக்கார். அவர்தான் மைக்கேல் வெஸ்ட்.

1888-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பை முடிச்சிட்டு, 1912-இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார். 1920-இல் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வர் ஆனார். அந்த டாக்காதான் இன்னைக்கு வங்கதேசத்தின் தலைநகரம்.

அன்னைக்கு வங்காளப் பள்ளிகளில் ஆங்கிலம்னா மேலே போகிற ஏணி. மெட்ரிக் தேறணும், கல்லூரிக்குப் போகணும், வேலை வாங்கணும். ஆனா அந்த ஏணியில் கால் வைத்த எல்லாருமா மேலே போனாங்க? பெரும்பாலான பசங்க சில வருஷத்திலேயே படிப்பை விட்டுட்டாங்க. கையில் இருந்தது பாதி ஆங்கிலம். அதை வச்சு பேசவும் முடியாது, எழுதவும் முடியாது, ஒரு புத்தகத்தைப் பிரிச்சு வாசிக்கவும் முடியாது.

வெஸ்ட்டின் கவனம் இந்தப் பசங்க மேல விழுந்தது. முதல் மாணவனுக்கு எப்படிச் சொல்லித்தரலாம்னு யோசிக்க எத்தனையோ பேர் இருந்தாங்க. இவர் யோசிச்சது நடுவுல நின்னுபோறவனைப் பத்தி. இதை விளக்க இன்சூரன்ஸ் துறையிலிருந்தே ஒரு வார்த்தையைக் கடன் வாங்கினார்: சரண்டர் வேல்யூ. நம்ம வீடுகள்ல எல்.ஐ.சி. பாலிசி போட்டவங்களுக்கு இது தெரிஞ்ச வார்த்தைதான். பாலிசியை நடுவுல நிறுத்தினா கையில திரும்பி வர்ற தொகை. அதே மாதிரி, மூணாவது வருஷம் படிப்பை நிறுத்துறவனுக்கு அதுவரை படிச்ச ஆங்கிலத்தால் கையில் என்ன மிஞ்சுது? அன்றைய பாடத்திட்டத்துல அந்தத் தொகை கிட்டத்தட்ட பூஜ்யம்.

அதனால் வெஸ்ட் ஒரு முடிவுக்கு வந்தார். முதல்ல வாசிக்கச் சொல்லிக்கொடுப்போம். பேச எதிர்ல ஒரு ஆள் வேணும், எழுதினா திருத்த ஒரு வாத்தியார் வேணும். வாசிக்க ஒரு புத்தகம் போதும். ஸ்கூலை விட்டு நின்ன பிறகும் தனியா வளர்த்துக்கக்கூடிய திறமை அது. வங்காளியில் அறிவியல், தொழில்நுட்பப் புத்தகங்கள் குறைவா இருந்த காலம் என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கிட்டார்.

இது வெறும் அபிப்பிராயமா நிக்கல. பசங்களுக்கு வாசிப்புச் சோதனைகள் வச்சார், அளந்தார், புதுப் பாடங்களை எழுதி வகுப்பறையிலேயே சோதிச்சார். எல்லாத்தையும் தொகுத்து 1926-இல் இருமொழியம் பற்றிய ஒரு பெரிய அறிக்கையா வெளியிட்டார்.

பழைய பாடப்புத்தகங்களில் அவர் கண்டுபிடிச்ச கோளாறு ரெண்டு. ஒண்ணு, சொற்களின் தேர்வு. கவிதையில் மட்டும் வர்ற பழஞ்சொற்களைச் சின்னப் பசங்க மனப்பாடம் பண்ணிட்டு இருந்தாங்க. அமெரிக்காவில் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1921-இல், எந்த ஆங்கிலச் சொல் எவ்வளவு அடிக்கடி வருதுன்னு எண்ணி 10,000 சொற்களின் பட்டியல் போட்டிருந்தார். வெஸ்ட் அதைக் கையில் வச்சுக்கிட்டு, அரிய சொல்லை எடுத்துட்டு அன்றாடச் சொல்லைப் போட்டார்.

ரெண்டாவது, சொற்களின் நெரிசல். ஒரே பக்கத்துல புதுச் சொற்கள் குவிஞ்சு கிடந்தா, படிக்கிறவன் வாசிக்கிறதை நிறுத்திட்டு அர்த்தம் தேட ஆரம்பிச்சிடுவான். அதனால் புதுச் சொற்களை இடைவெளி விட்டு அறிமுகப்படுத்தினார். வந்த சொல் திரும்பத் திரும்ப வரும்படி கதையை எழுதினார். நம்ம பாஷையில சொன்னா, லோடை ஒரே தூண் மேல ஏத்தாம பகிர்ந்து கொடுத்தார். இப்படி உருவான அவரோட நியூ மெத்தட் ரீடர்களை லாங்மன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இந்தியாவைத் தாண்டியும் அவை பரவின.

1932-இல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். வேலை நிக்கல. 1935-இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து ஒரு அகராதி கொண்டுவந்தார். சாதாரண அகராதியில ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்தா, அந்த அர்த்தத்துலயே தெரியாத சொல் நாலு இருக்கும். அதைத் தேடிப் போனா இன்னும் நாலு. கிட்டத்தட்ட இன்ஃபினிட் லூப்! வெஸ்ட்டின் அகராதி வெறும் 1,490 சொற்களை மட்டும் வச்சு சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. கோடிங் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு கஷ்டமான கட்டுப்பாடுன்னு புரியும்.

எல்லாரும் அவரை ஏத்துக்கல. ஜப்பானில் வேலை செய்த ஹரால்ட் பாமர், பேச்சுதான் மொழியின் அடிப்படைன்னு உறுதியா நின்னவர். வாசிப்பை முன்னாடி வச்சா வாய் திறக்காத மாணவர்கள்தான் வருவாங்கன்னு எதிர்ப்பு இருந்தது. அது நியாயமான எதிர்ப்புதான். இன்னைக்கு இன்டர்வியூ அறையில வாயைத் திறக்காம வேலை கிடைக்காது. ஆனா இந்த ரெண்டு பேரும் சண்டையோட நிறுத்திக்கல. கார்னகி நிறுவனம் 1934-இல் நியூயார்க்கில் கூட்டிய மாநாட்டில் ஒண்ணா உட்கார்ந்தாங்க. ஆங்கிலம் கத்துக்கிறவனுக்கு முதல்ல தேவைப்படும் சொற்கள் எவைன்னு முடிவு பண்ற வேலை அது. தார்ன்டைக்கும் அதுல இருந்தார். 1936-இல் இடைக்கால அறிக்கை வந்தது. அதைத் திருத்தி வளர்த்து, வெஸ்ட் 1953-இல் வெளியிட்டதுதான் ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட். சுமார் 2,000 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் எந்த அர்த்தத்தில் எத்தனை சதவீதம் வருது என்கிற கணக்கும் கூடவே இருக்கும்.

1960-இல், 72 வயசுல இன்னொரு புத்தகம் எழுதினார். நெரிசலான பெஞ்சு, வெயில், கூட்டம் நிறைஞ்ச வகுப்பு இதுக்கு நடுவுல ஆங்கிலம் சொல்லித்தர்ற ஆசிரியர்களுக்கான புத்தகம். டாக்கா அவரை விட்டுப் போகவே இல்லை. 1973-இல் காலமானார். அவர் போன பிறகு 1978-இல் வந்த லாங்மன் அகராதி, ஏறக்குறைய 2,000 சொற்களுக்குள்ளேயே எல்லா அர்த்தங்களையும் எழுதியது. அந்தச் சொற்களுக்கு அடிப்படை வெஸ்ட்டின் பட்டியல்தான்.

இதை ஏன் நம்ம காலேஜ் இதழில் எழுதணும்? தமிழ் மீடியத்துல படிச்சு நல்ல மார்க் வாங்கி வர்ற ஜூனியர்ஸ், முதல் செமஸ்டர்ல ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகத்துக்கு முன்னாடி உட்கார்றாங்க. கணக்கு தெரியும், கான்செப்ட் புரியும், ஆனா ஒரு பக்கத்துல தெரியாத சொல் பதினஞ்சு இருக்கும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச என்னை மாதிரி ஆளுங்களுக்கு அந்தப் பதினஞ்சு கண்ணுலயே படாது. அரியர் விழுந்தா பையன் சரியா படிக்கலன்னு சொல்லிட்டுப் போயிடுறோம். வெஸ்ட் இருந்திருந்தா முதல்ல அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்து, புதுச் சொற்களை எண்ணியிருப்பார்.

சீனியர்ஸ் நமக்கு இது பெரிய வேலை இல்ல. ஜூனியருக்கு நோட்ஸ் கொடுக்கும்போது, ஒவ்வொரு யூனிட்டிலும் திரும்பத் திரும்ப வர்ற முப்பது சொல்லைத் தனியா எழுதி, எளிய ஆங்கிலத்தில் அர்த்தமும் போட்டு, முதல் பக்கத்துல ஒட்டிக் கொடுங்க. அவன் அடுத்த யூனிட்டைத் தானே வாசிச்சுக்குவான்.