கூட்டத்துக்கு முன்னால் ஒரு பாட்டு

எங்கள் வாப்பாவின் வாப்பா துணி மூட்டையைத் தோளில் சுமந்து, தலவாக்கலையைச் சுற்றியிருந்த தோட்டங்களில் லயம் லயமாகச் சேலை விற்றவர். வாப்பா இன்று நடத்தும் கடை அந்த மூட்டையிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் வெளியார் நினைத்தபடி தோட்டத்துக்குள் நுழைய முடியாது, புடவை வியாபாரிக்கு மட்டும் வழி விடுவார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். மலையக இலக்கியம் பற்றிய ஒப்படைக்காகப் புத்தகம் தேடியபோது, இன்னொருவரும் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனதாகப் படித்தேன். அவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். தொழிலாளர் படும் பாட்டை நேரில் பார்க்க அப்படிப் போனாராம். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் மனைவி மீனாட்சியம்மாளைத் தாண்டிப் போக முடியவில்லை.

நடேசய்யர் 1920இல் இலங்கையில் குடியேறி, தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகைகள் நடத்தினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இதெல்லாம் பாடப் புத்தகங்களிலும் ஓரளவு வருகிறது. மீனாட்சியம்மாளோ பல இடங்களில் 'அவரது துணைவியாரும்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அவர் பத்திரிகை வேலையில் பங்கெடுத்தவர், பெண்களின் உரிமை பற்றி எழுதியவர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாமே பாட்டுக்கட்டித் தாமே பாடியவர். எழுத்தாளர் சாரல் நாடன் தேடி எழுதியிருக்காவிட்டால் இந்த ஒரு வரியும் நமக்கு மிஞ்சியிருக்காது.

ஏன் பாட்டு? பத்திரிகை அச்சடித்தாலும் லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. துண்டுப் பிரசுரம் கங்காணியின் கையில் அகப்பட்டால், வைத்திருந்தவருக்கு வேலை போகலாம். பாட்டை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. ஒரு தடவை கேட்டவர் மறுநாள் கொழுந்து மலையில் முணுமுணுப்பார், பக்கத்து நிரையில் நிற்பவர் பிடித்துக்கொள்வார். மீனாட்சியம்மாள் சனங்களுக்கு ஏற்கனவே பழகிய மெட்டுகளில் தம் சொற்களை வைத்துப் பாடினார். பாரதியாரின் பாடல்களையும் தொழிலாளர் கூட்டங்களுக்குக் கொண்டுபோனார். கணவர் பேசுவதற்கு முன்னால் இவருடைய குரல் கூட்டத்தைச் சேர்த்துவிடும்.

தோட்டத்தில் அதற்கு முன்பும் பாட்டு இருந்தது. தாலாட்டு இருந்தது, ஒப்பாரி இருந்தது, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டும் இருந்தது. அவற்றையெல்லாம் பாடியவர்களில் பெண்களே அதிகம் என்றாலும், எந்தப் பாட்டிலும் கட்டியவரின் பெயர் இல்லை. மீனாட்சியம்மாள் தம் பெயரைப் போட்டார். அழுவதோடு நிறுத்தாமல் கணக்குக் கேட்டார். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபின் மலைநாட்டில் ஆணுக்கு நாட்கூலி 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வைத்தார்கள். ஒரே மலை, ஒரே மழை, ஒரே அட்டைக்கடி, அதில் 11 சதம் குறைவு! பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அந்தக் கூலியையும் வெட்டினார்கள். இப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் எழுந்து நின்று பாடினால் முன்வரிசைப் பெண்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அவருடைய வீட்டுத் துன்பமும் ஊர்த் துன்பமும் வேறு வேறாக இருக்கவில்லை. துரைமார் ஒருபக்கம் பகை, கங்காணிமார் மறுபக்கம் பகை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தொடங்கினார்கள். இந்த நாடு நம்முடையதா இல்லையா என்ற கேள்வி ஒவ்வொரு லயத்து வாசலுக்கும் வந்தது. அதற்கு அடுத்த வருடம், 1940இல், இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற பாட்டுப் புத்தகத்தை மீனாட்சியம்மாள் வெளியிட்டார். தலைப்பைப் பார்த்தால் அரசாங்க அறிக்கை போல இருக்கிறது. உள்ளே இருப்பது ஒரு பெண்ணின் பயமும் ரோஷமும். உழைத்து இந்த மலைகளைத் தோட்டமாக்கியவர்களை வெளியே போ என்பது என்ன நியாயம் என்று மந்திரிமாரையே பார்த்துக் கேட்கிறார். தொழிலாளரையும் விடவில்லை, ஒன்றுசேராமல் தூங்குகிறீர்களே என்று அவர்களிடமும் சண்டை பிடிக்கிறார்.

பொது மேடையில் பாடும் பெண்ணை ஊர் இலேசில் விடாது. என் குரல் நல்லதென்று சொல்லும் உறவுக்காரர்களே, பெரிய பிள்ளை சபையில் பாடலாமா என்றும் கேட்கிறார்கள். உம்மா மட்டும் அடுப்படியில் பாடச் சொல்லிக் கேட்பார். எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முன் ஆயிரம் ஆண்களுக்கு நடுவிலும் வாயைத் திறக்க மீனாட்சியம்மாளுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருக்கும்?

1947 பொதுத் தேர்தலில் நடேசய்யர் தோற்றார். எங்கள் தலவாக்கலைத் தொகுதியில் அந்தத் தேர்தலில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை, பிற்காலத்தில் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தவர். அதே வருடம் நவம்பர் 7ஆம் திகதி நடேசய்யர் காலமானார். மேடையும் போய்க் கணவரும் போன பிறகு மீனாட்சியம்மாளின் பெயர் சரித்திரத்தில் மெல்ல மங்கிவிட்டது. மறு வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. எது வரும் என்று அவர் 1940இல் பாடினாரோ அது வந்தது. லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு பாட்டி இங்கேயே பிறந்தவர். 2003ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்தக் கடதாசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். போன விடுமுறையில், நான் கொப்பியில் எழுதி வைத்திருந்த மீனாட்சியம்மாளின் பாட்டொன்றை அவருக்கு மெதுவாகப் பாடிக் காட்டினேன். கடையில் வேறு இரண்டு பேரும் நின்றார்கள், வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, இது எப்போது கட்டின பாட்டு பிள்ளை என்றார். 1940 என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, இன்னொரு தரம் பாடச் சொன்னார்.